ஃபைபர் படகின் ஓரப் பீடிங், விளிம்பு, ஜெல்கோட்: நீங்களே புதுப்பிக்க ஒரு முழு வழிகாட்டி

சின்ன ஃபைபர் படகு மங்கிப்போய், ஓரத்து ரப்பர் பீடிங் தொங்கி, விளிம்பில் வெடிப்பு கண்டதும் பலரும் முதலில் பாலிஷ் டப்பா வாங்கி வருகிறார்கள். பாலிஷ் கடைசி வேலை. முதலில் பார்க்க வேண்டியது பீடிங்கைப் பிடித்து நிற்கும் ஸ்க்ரூக்களை. மேல்தளம் உள்ள படகுகளில், தளமும் கீழ் உடலும் சேரும் மூட்டு பெரும்பாலும் அந்தப் பீடிங்குக்குப் பின்னால்தான் இருக்கிறது. தளமில்லாத திறந்த படகுகளிலோ விளிம்புக்குள் மரச்சட்டத்தையோ பிளைவுட்டையோ வைத்து மேலே ஃபைபர் போர்த்தியிருப்பார்கள். ஒரு ஸ்க்ரூ துளை தளர்ந்தால் போதும், உப்புத் தண்ணீர் உள்ளே போய் மரத்தை ஊறவைத்துவிடும். வெளியே பளபளவென்று மெழுகு போட்டு, உள்ளே விளிம்பு இற்றுப்போன படகுகள் நம் கரையில் நிறைய உண்டு. அதனால் இந்த வழிகாட்டி ஸ்க்ரூவில் தொடங்கி மெழுகில் முடிகிறது. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

எப்போது செய்வது

கடலூர், புதுச்சேரிக் கரையில் இந்த வேலைக்கு நல்ல காலம் தை முதல் பங்குனி வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், படகின் உடலும் காய்ந்திருக்கும். சித்திரை வெயிலில் ரெசின் (ஃபைபரைப் பிடித்து இறுக்கும் பசைத் திரவம்) கலந்த கிண்ணத்திலேயே இறுகிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் பழுதுபார்க்க நிற்பதால், ரெசின் வேலை தெரிந்த ஆட்களைப் பிடிப்பதும் கஷ்டம். சின்னப் படகுக்காரர்களுக்கு அது வருமானம் பார்க்கும் நேரம், கரையில் ஏற்றி வைக்க மனசு வராது. மாசி மகத் தீர்த்தவாரிக்கு முன் முடிப்பது என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

நாளுக்குள்ளும் நேரம் பார்க்க வேண்டும். தை, மாசியில் காலைப் பனி படகின் மேல் ஈரமாக நிற்கும். அது முழுதாகக் காய்ந்த பிறகு, ஒன்பது மணிவாக்கில் தொடங்குங்கள். மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறினால் மணலும் உப்பும் சேர்ந்து வரும். இறுகாத ஜெல்கோட்டில் (ஃபைபரின் மேல் இருக்கும் நிறப் பூச்சு) மணல் ஒட்டினால் மறுபடி தேய்த்து எடுப்பதைத் தவிர வழியில்லை. ஆகவே ரெசின், ஜெல்கோட், வார்னிஷ் வேலைகள் காலையில். கழற்றுவது, தேய்ப்பது எல்லாம் மாலையில். படகுக்கு நிழல் கட்டாயம். தென்னை நிழல் போதாது, மேலிருந்து ஏதாவது விழுந்துகொண்டே இருக்கும். நான்கு கழி நட்டு ஒரு தார்ப்பாய் கட்டிவிடுங்கள்.

கழுவிப் பார்த்துக் கணக்கெடுப்பது

நல்ல தண்ணீரும் கொஞ்சம் சோப்புத் தூளும் போதும். கடற்கரையோரத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பாக இருக்கும், வாயில் வைத்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். உப்புத் தண்ணீரில் கழுவினால் காய்ந்த பின் உப்புப் படலம் அப்படியே நிற்கும், அதன்மேல் எதுவும் ஒட்டாது. ஸ்க்ரூக்களுக்குக் கீழே வழிந்திருக்கும் துருக்கறைக்கு ஆக்சாலிக் அமிலம்தான் மருந்து. தண்ணீரில் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு துணியால் ஒற்றி, சில நிமிடம் விட்டு நன்றாகக் கழுவினால் போய்விடும். கறை எந்த ஸ்க்ரூவிலிருந்து வருகிறது என்று அழிக்கும் முன்பே மாஸ்கிங் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். அந்த ஸ்க்ரூ உள்ளே அரிக்கத் தொடங்கிவிட்டது.

காய்ந்ததும் சுத்தியலின் மரக்காம்பால் விளிம்பு நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும். சத்தம் மந்தமாக, பொதபொதவென்று மாறும் இடத்தில் உள்மரம் ஊறியிருக்கும், அல்லது ஃபைபர் அடுக்கு பிரிந்திருக்கும். அங்கே அழகு வேலை எதையும் தொடங்காதீர்கள். அது வேறு வேலை. ஃபைபரை வெட்டித் திறந்து, மரத்தை மாற்றி மூட வேண்டும்.

தேய்மானம் படகு நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறும். தேவனாம்பட்டினம், தாழங்குடா போல மணலில் இழுத்து ஏற்றும் இடங்களில் அணியத்தின் (படகின் முன்பகுதி) கீழ் விளிம்பும் அடிப்பகுதியும் தேயும். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலும் கடலூர் முதுநகர்ப் பக்கத்திலும் படகோடு படகு கட்டி நிற்பதால் பக்கவாட்டுப் பீடிங்தான் முதலில் கிழியும். சுண்ணாம்பாற்றில் ஆட்களை ஏற்றி இறக்கும் படகுகளில் கால் வைத்து ஏறும் ஒரே ஓரத்தில் வெடிப்பு விழும். உங்கள் படகில் எந்த இடம் அடி வாங்குகிறது என்று தெரிந்தால், எங்கே கூடுதல் பலம் தேவை என்பது தானாகத் தெரிந்துவிடும்.

பழைய பீடிங்கைக் கழற்றுவது

பீடிங்கில் பல வகை. முழுதும் பிவிசி ரப்பராக இருப்பது ஒன்று. அலுமினியப் பட்டைக்குள் ரப்பர்ப் பட்டை செருகியது இன்னொன்று. மரப்பட்டை அடித்தது பழைய வழக்கம். செருகிய ரப்பரை ஒரு முனையில் கிளப்பி இழுத்தால் வந்துவிடும், அதற்குப் பின்னால் ஸ்க்ரூக்கள் வரிசையாகத் தெரியும்.

சுற்றாத ஸ்க்ரூவை வம்பாகத் திருகாதீர்கள், தலை தேய்ந்துவிடும். துருவிளக்கி எண்ணெய் விட்டு ஒரு இரவு வையுங்கள். மறுநாள் முதலில் கொஞ்சம் இறுக்கும் பக்கமாகத் திருகி, பிறகு தளர்த்துங்கள். அதற்கும் அசையாவிட்டால் தலையை மட்டும் டிரில் செய்து எடுத்துவிட்டு, பீடிங் வந்த பிறகு மிச்சத்தைக் குறட்டால் பிடித்துத் திருகலாம். பீடிங்குக்குக் கீழே இரும்புக் கம்பி விட்டு நெம்பினால் ஜெல்கோட் சில்லு சில்லாகப் பெயரும். பிளாஸ்டிக் பட்டித் தகடு போதும்.

பழைய சீலன்ட்டை (தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) கத்தியால் சீவி எடுத்து, அசிட்டோன் நனைத்த பனியன் வேஸ்ட்டால் ஃபைபரை மட்டும் துடைக்க வேண்டும். பிவிசி பீடிங்கில் அசிட்டோன் பட்டால் அது பிசுபிசுத்து மங்கிவிடும். அதற்குச் சோப்புத் தண்ணீரே சரி. முன்பு யாராவது சிலிக்கான் போட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு வழுவழுப்பு மிஞ்சும். துடைத்தால் மட்டும் போகாது, உப்புத்தாளால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

ஸ்க்ரூ துளைகள்

பொறுமை வேண்டிய இடம் இது. தளர்ந்த துளையில் தீக்குச்சி செருகியோ, பெரிய ஸ்க்ரூ போட்டோ சமாளிக்கும் பழக்கத்தைக் கைவிடுங்கள். குச்சி தண்ணீரை உறிஞ்சும், பெரிய ஸ்க்ரூ வெடிப்பைப் பெரிதாக்கும்.

ஒவ்வொரு துளையையும் சற்றுப் பெரிய பிட்டால் சுத்தமாகத் துளைத்து, உள்ளே இருக்கும் ஈர மரத்தூளை எடுங்கள். இரண்டு நாள் வெயிலில் காயட்டும். பிறகு எபாக்சியை (இரண்டு பாகம் கலக்கும் ஒட்டு ரெசின்) கலந்து, முதலில் தண்ணீர் போல இருக்கும் நிலையிலேயே ஒரு சிரிஞ்சால் துளைக்குள் விடுங்கள், மரம் அதைக் குடிக்கும். அப்புறம் அதே எபாக்சியில் சிலிக்கா பவுடர் சேர்த்து வெண்ணெய்ப் பதத்துக்குக் கெட்டியாக்கி, நிரம்பும்வரை அடையுங்கள். மறுநாள் கல் போல நிற்கும். இங்கே பாலியஸ்டர் ரெசின் வேண்டாம். மரத்தோடும் பழைய ஃபைபரோடும் பிடிப்பதில் எபாக்சி அதைவிட மேல். ஆனால் எபாக்சி வெயில் தாங்காது, பீடிங்கோ பெயின்டோ அதை மறைத்தாக வேண்டும்.

புதுத் துளை போடும்போது அந்த இடத்தில் டேப் ஒட்டி, டிரில்லிங் மெஷினை முதலில் எதிர்ப்பக்கமாக ஓடவிட்டு ஜெல்கோட்டைக் கடந்து, பிறகு நேராக ஓட்டுங்கள். இல்லாவிட்டால் ஜெல்கோட் சிதறும். துளையின் வாயைக் கவுன்டர்சிங்க் பிட்டால் லேசாக அகலப்படுத்த வேண்டும். ஸ்க்ரூவின் மரை ஜெல்கோட்டைத் தொடவே கூடாது. துளையைச் சுற்றி நட்சத்திரம் போல விரியும் வெடிப்புகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சின்ன வேலையை விட்டதால் வந்தவை.

ஸ்க்ரூ வாங்குவது பற்றி. ஹார்டுவேர் கடையில் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று கேட்டால் 202 ரகத்தைக் கொடுத்துவிடுவார்கள். அது வீட்டு ஜன்னலுக்குப் பரவாயில்லை, கடலுக்கு ஆகாது, சில மாதத்திலேயே பழுப்பு வழியும். 316 என்று ரகம் சொல்லிக் கேளுங்கள். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால்தான் உப்பைத் தாங்குகிறது. கிடைக்கவே இல்லையென்றால் 304. காந்தம் வைத்துப் பார்த்து நல்ல எஸ்எஸ் என்று சொல்வதை நம்பாதீர்கள். 202, 304, 316 மூன்றிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது.

அலுமினியப் பட்டையில் எஸ்எஸ் ஸ்க்ரூ போட்டால், நடுவில் உப்புத் தண்ணீர் நிற்கும்போது அலுமினியம் அரிக்கும். ஸ்க்ரூத் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூப்பது அதனால்தான். தலைக்கும் பட்டைக்கும் நடுவில் நைலான் வாஷரோ, போதுமான சீலன்ட்டோ இருந்தால் இது நன்றாகவே குறையும்.

ஜெல்கோட் வெடிப்பும் சில்லும்

பீடிங் வெளியே இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். ஜெல்கோட் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அதற்குக் கீழே மேட் (கண்ணாடி இழைப் பாய்) தெரிகிறதா, நகத்தால் அழுத்தினால் அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் அந்த இடத்தைத் தேய்த்துத் திறந்து, 300 அல்லது 450 கிராம் மேட்டில் ஓரிரு அடுக்கு ரெசினோடு போட்டு, அதன் பிறகே ஜெல்கோட்.

மேல்வெடிப்பு மட்டும் என்றால், வெடிப்பு நெடுக ஒரு கூர்மையான உளி முனையால் V வடிவில் கீறித் திறக்க வேண்டும். மயிரிழை வெடிப்பின் மேல் அப்படியே பூசினால் அடுத்த மாதமே மறுபடி தெரியும். சுற்றிலும் 120 எண் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, டேப் கட்டுங்கள்.

நிறம் பொருத்துவதற்கு ஒரு யோசனை. வெயிலில் வெளுத்த படகுக்குப் புது டப்பா நிறம் ஒருபோதும் ஒட்டாது. பக்கத்தில் ஒரு கையகல இடத்தை ரப்பிங் காம்பவுண்டு (மெருகேற்றும் பசை) போட்டுத் தேய்த்து உண்மையான நிறத்தைக் கொண்டுவாருங்கள். அதைப் பார்த்துப் பிக்மென்ட் பேஸ்ட்டைச் சிறிது சிறிதாகக் கலந்து, ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) சேர்க்காமல் அந்த இடத்தில் ஒரு சொட்டு தடவிப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் மட்டும் பாருங்கள். பேஸ்ட் பத்து சதவீதத்துக்கு மேல் போனால் ஜெல்கோட் சரியாக இறுகாது.

அடுத்தது ஹார்டனர். 50 கிராம் ஜெல்கோட்டுக்கு 1 மில்லி என்றால் சுமார் 2 சதவீதம். நம் வெயிலுக்கு 1.5 சதவீதமே போதும், 1 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. மருந்துக் கடைச் சிரிஞ்சால் அளந்து விடுங்கள், கண் மதிப்பு வேண்டாம். ஒரு தடவைக்கு 50 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். வெக்கையான நாளில் பத்து நிமிடத்திலேயே கெட்டியாகத் தொடங்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். சில கடைகளில் ரெசினோடு ஹார்டனர், ஆக்சிலரேட்டர் என்று இரண்டு பாட்டில் தருவார்கள். ஊதா நிறத்தில் இருக்கும் கோபால்ட்தான் ஆக்சிலரேட்டர். அந்த இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, தீப்பிடித்து வெடிக்கும். ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் விட்டு முழுதாகக் கலக்கிய பிறகுதான் ஹார்டனர். இரண்டுக்கும் ஒரே சிரிஞ்சு, ஒரே மூடி கூடாது. ஒரே பெட்டியில் வைப்பதும் கூடாது. ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். தெறித்துவிட்டால் உடனே, குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பூசும்போது மட்டத்துக்கு மேல் கொஞ்சம் புடைத்து நிற்கட்டும், இறுகும்போது வற்றும். மெழுகு கலக்காத ஜெல்கோட் காற்றுப் படும் பக்கத்தில் பிசுபிசுப்பாகவே நிற்கும். அதனால் பூசியவுடன் ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் ஓஎச்பி ஷீட்டை (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) வெட்டி, காற்றுக் குமிழி இல்லாமல் மேலே ஒட்டுங்கள். இறுகியதும் ஷீட் தானாக உரிந்து வரும், பாதி மட்டம் அதிலேயே கிடைத்துவிடும். கிண்ணத்தில் மிஞ்சிய ரெசினைக் குவியலாக விடாதீர்கள், சூடேறிப் புகையும். ஒரு அட்டையில் பரப்பி இறுகவிட்டு, பிறகு குப்பையில் போடுங்கள். ஆற்றில் ஊற்றாதீர்கள், அதே தண்ணீரில்தான் இறாலும் நண்டும் பிடிக்கிறோம்.

மறுநாள் தேய்ப்பு. ஒரு தட்டையான மரக்கட்டையில் வாட்டர் பேப்பரைச் சுற்றி, தண்ணீர் விட்டு 320, 600, 1000, 1500 என்று வரிசையாகப் போங்கள். இடையில் ஒன்றைத் தாவினால் கீறல் பாலிஷுக்குப் பிறகு பல்லிளிக்கும். வெறும் விரலால் தேய்த்தால் குழி விழும். ஃபைபர் தூசிக்கு முகமூடி, முழுக்கைச் சட்டை வேண்டும். தேய்க்கும் முன் கைகளில் டால்கம் பவுடர் பூசிக்கொண்டால் அரிப்பு குறையும். முடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம்.

மரப்பட்டை இருந்தால்

தேக்குதான் முதல் தேர்வு. விலை கட்டுப்படியாகாதவர்கள் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவைப் பார்க்கலாம், முற்றிய மஞ்சள் வைரமாக (மரத்தின் நடுக்கட்டை) இருக்க வேண்டும். வளைவு அதிகமான அணியப் பக்கத்தில் ஒரே தடிப்பட்டையை வளைக்காமல், இரண்டு மெல்லிய பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக எபாக்சி வைத்து வளைப்பது நல்லது. பட்டையின் வெட்டுமுனைதான் தண்ணீரைக் குடிக்கும் வாய். அங்கே எபாக்சியை இரண்டு முறை பூசி அடைத்துவிடுங்கள். வார்னிஷ் போடுபவர்கள் வெயில் தாங்கும் மரைன் ரகமாக, முதல் பூச்சை நீர்க்கவிட்டு, இடையிடையே 320 ஆல் தேய்த்து ஐந்தாறு பூச்சாவது போட வேண்டும். உழைக்கும் படகுக்கு நான் பெயின்டையே சொல்வேன். நம் வெயிலில் வார்னிஷைப் பராமரிக்க வருடந்தோறும் நேரம் வேண்டும்.

பீடிங்கைத் திரும்பப் போடுவது

இரண்டு பேர் தேவை. பிவிசி பீடிங்கை வெயிலில் ஒரு மணி நேரம் நீட்டிப் போட்டால் இளகும், வளைவில் மடங்காது. முதலில் சீலன்ட் இல்லாமல் வைத்துப் பார்த்து, கோட்டைப் பென்சிலால் குறியுங்கள். அணியத்தின் நடுவில் தொடங்கி இருபக்கமும் பின்னோக்கிப் போனால் கோணாமல் வரும். இழுத்துப் பிடித்துப் பொருத்தாதீர்கள். இழுத்த ரப்பர் ஒரு கோடைக்குள் சுருங்கி முனையில் இடைவெளி விடும். செருகு ரப்பரை விரலளவு நீளமாகவே வெட்டி, நெருக்கித் தள்ளிச் செருக வேண்டும்.

சீலன்ட் பாலியூரித்தேன் வகை. சிக்காஃப்ளெக்ஸ் 291 போன்றவை படகுக்கென்றே வருபவை. 3எம் 5200 மாதிரி நிரந்தர ஒட்டுப் பசையைப் பீடிங்குக்குப் போடாதீர்கள், அடுத்த முறை கழற்றும்போது ஜெல்கோட்டும் சேர்ந்து வரும். குளியலறைச் சிலிக்கானும் வேண்டாம். புளித்த காடி வாசனை வரும் வகை உலோகத்தை அரிக்கும், அதன்மேல் பெயின்டும் பிடிக்காது. மூட்டு நெடுக ஒரு தொடர்க் கோடு, ஒவ்வொரு துளையைச் சுற்றி ஒரு வளையம், ஸ்க்ரூவின் மரையில் கொஞ்சம், இவ்வளவு போதும்.

ஸ்க்ரூக்களுக்கு நடுவே 15 முதல் 20 சென்டிமீட்டர். சீலன்ட் ஓரத்தில் லேசாகப் பிதுங்கும்வரை மட்டும் இறுக்கி நிறுத்துங்கள். முழு பலத்தில் இறுக்கினால் சீலன்ட் எல்லாம் வெளியே வந்து, நடுவில் ஒன்றுமில்லாமல் போகும். இரண்டு மூன்று நாள் கழித்து அது ரப்பராக இறுகிய பின் கால் சுற்று மட்டும் திருகுங்கள். உள்மரம் இல்லாத மெல்லிய ஃபைபரில் ஸ்க்ரூவுக்குப் பிடிப்பே கிடைக்காது. உள்பக்கம் கை எட்டினால் போல்ட்டும் அகலமான வாஷரும், எட்டாத இடத்தில் ரிவெட்டும் போடுங்கள்.

கடைசியாகப் பளபளப்பு

கறுப்புத் துணியால் படகைத் துடைத்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் ஜெல்கோட்டின் மேல்தோல் வெயிலில் செத்திருக்கிறது. லேசாக இருந்தால் ரப்பிங் காம்பவுண்டே போதும், கூடுதலாக இருந்தால் முதலில் 1000, 1500 வாட்டர் பேப்பர். ஜெல்கோட்டின் கனத்தை மறக்காதீர்கள். வருடா வருடம் ஆழமாகத் தேய்த்தால் மேட் வெளியே வந்துவிடும். அந்த நிலைக்கு வந்த படகுக்கு ப்ரைமர் அடித்து, இரண்டு பாகம் கலக்கும் பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட்தான் வழி. பெயின்ட் அடிப்பதாக இருந்தால் மீன்பிடிப் படகுகளுக்கு அரசு குறித்திருக்கும் நிறத்தை மீன்வளத் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு எண் அழியாதபடி டேப் கட்டுங்கள், அழிந்தால் அதே அளவில் திரும்ப எழுதுங்கள்.

மெழுகு கார்னௌபா வகை நன்று. நிழலில், சின்னச் சின்னப் பகுதியாகப் பூசி, புகைபோலக் காய்ந்ததும் துடைத்தெடுங்கள். கால் வைக்கும் தளத்திலும் விளிம்பின் மேற்பக்கத்திலும் மெழுகு வேண்டாம், வழுக்கி விழுவார்கள். பக்கவாட்டில் மட்டும் மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை.

எல்லாம் முடிந்ததும் ஒருவர் வெளியே பீடிங்கின் மேல் குழாய்த் தண்ணீரைப் பத்து நிமிடம் விட, இன்னொருவர் உள்ளே டார்ச் அடித்து விளிம்பின் அடிப்பக்கம் நெடுகப் பார்க்க வேண்டும். ஈரம் கசியும் இடத்தைச் சாக்பீஸால் குறித்து, அந்த இடத்து ஸ்க்ரூவை மட்டும் எடுத்து, காயவைத்து, சீலன்ட் விட்டுத் திரும்பப் போடுங்கள். முதல் சில தடவை கடலுக்குப் போய்வந்த பிறகு மறுபடி ஒருமுறை அதே டார்ச்சோடு உள்ளே குனிந்து பாருங்கள். அலை அடித்து உடல் முறுகும்போதுதான் தளர்ந்த ஸ்க்ரூ வெளியே தெரியும்.